முள்முதுகன் தொட்டி பார்த்த கதை

காட்டோடையின் மடு ஒன்றில் ஜிலேபி மீன்கள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. பெயர்தான் இனிப்பு, குணம் பச்சைமிளகாய். கூட்டமாக வாழ்கிறவர்கள் ஒற்றுமையாகவும் வாழ்வார்கள் என்பது தனியாக வாழ்கிறவர்களின் நம்பிக்கை. இந்த மீன்களுக்கு ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கவும் முடியாது. ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கவும் முடியாது.

கூட்டத்தின் தலைவன் பெயர் முள்முதுகன். மணலில் வாயாலேயே ஒரு குழி தோண்டி, அதன் நடுவில் நிற்பான். பக்கத்தில் எந்த வால் தெரிந்தாலும் துரத்துவான். அதிகம் துரத்தப்பட்டது அவனுடைய தம்பிதான். தம்பியின் பெயர் குட்டைவாலன். பிறந்தபோது அவனுக்கும் நீளமான வால்தான் இருந்தது.

ஆனாலும் அந்த மடுவில் சண்டையால் யாரும் செத்ததில்லை. துரத்தப்பட்டவன் ஏதாவது ஒரு கல்லுக்குப் பின்னால் நுழைந்துகொள்வான். "பயந்து ஓடிவிட்டான்" என்று முள்முதுகன் மீசை இல்லாத வாயை முறுக்கிக்கொண்டு திரும்புவான். பிறகு இருவரும் பாசி தின்னப் போய்விடுவார்கள்.

அந்தக் கோடையில் மடு வற்றத் தொடங்கியது. மேலே இருந்த கற்கள் எல்லாம் வெளியே தலைகாட்டின. முதுகில் வெயில் உறைத்தது.

முள்முதுகனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவன் மனைவி வெள்ளிச்சி வாயில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். ஜிலேபி மீன்களில் தாய்க்கு வாய்தான் தொட்டில். குஞ்சு பொரித்து, அவை நீந்தப் பழகும்வரை அவள் தின்னவும் கூடாது, பேசவும் கூடாது. வாயைத் திறந்தால் குடும்பமே வெளியே வந்துவிடும்.

மடுவுக்குக் குளிக்க வரும் பெண் யானை ஒன்று இருந்தது. அதன் கால் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் அழுக்கை மீன்கள் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். யானைக்கு அது சுகம். மீன்களுக்கு அது சாப்பாடு. அந்தப் பழக்கத்தில் யானை சொன்னது: "உங்கள் மடு இந்தக் கோடையைத் தாங்காது. எங்கள் கூட்டம் மலையேறப் போகிறது. இனி மழைக்குத்தான் இறங்குவோம். அதற்குள் உங்களைத் துதிக்கையில் அள்ளி வேறு இடத்தில் விட்டுவிடுகிறேன். தண்ணீர் வற்றாத இரண்டு இடம் இருக்கிறது. யாராவது வந்து பார்த்துச் சொல்லுங்கள்."

"யாராவது என்ன? நானே வருகிறேன்" என்றான் முள்முதுகன்.

யானையின் துதிக்கைக்குள் பயணம் எப்படி இருந்தது என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். "இருட்டு. எந்த நேரமும் தும்மிவிடுமோ என்று ஒரு பயம். மற்றபடி வசதிதான்" என்று அவன் சொன்னான்.

முதலில் யானை அவனை ஒரு பாறைச்சுனையில் விட்டது. நீளமான சுனை, யானைக்கு முழங்கால் ஆழம்கூட இல்லை. உள்ளே சிறிதும் பெரிதுமாகக் கற்கள், கல்லுக்குப் பின்னால் கல். ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியவில்லை. முள்முதுகன் முகம் சுளித்தான்.

"இது என்ன அக்கா, இடிந்த கோட்டை மாதிரி! கண்ணுக்கே தெரியாதவர்களை நான் எப்படி ஆள்வது?"

அடுத்தது, காட்டுப் பாதையோரத்தில் விலங்குகள் தண்ணீர் குடிக்கக் கட்டியிருந்த சிமென்ட் தொட்டி. வட்டமான தொட்டி, நல்ல ஆழம். சுவரில் பட்டுப் போலப் பாசி. ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கண்ணுக்குள் அடங்கிவிட்டது.

"நான் மேய்ந்துவிட்டு வருகிறேன். நீ இருந்து பார்" என்று யானை போய்விட்டது.

முள்முதுகன் பொழுது சாயும்வரை இருந்து பார்த்தான். அவனுக்கே வியப்பாக இருந்தது. கோபமே வரவில்லை! யாரையும் கடிக்கத் தோன்றவில்லை. மனது தெளிந்த தண்ணீர் மாதிரி கிடந்தது. 'இத்தனை நாள் என்னைக் கோபக்காரன் என்றார்களே. கோளாறு அந்த மடுத் தண்ணீரில் அல்லவா இருந்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டான்.

மடுவுக்குத் திரும்பியதும் கூட்டத்தைக் கூட்டினான்.

"தொட்டிதான் சரியான இடம். எவ்வளவு அமைதி தெரியுமா? அங்கே இருந்த நேரம் முழுக்க ஒரு சண்டை இல்லை, ஒரு சச்சரவு இல்லை."

"அண்ணே, அங்கே உன்னோடு வேறு யார் இருந்தார்கள்?" என்று குட்டைவாலன் கேட்டான்.

"யாருமே இல்லை. அதனால்தானே சொல்கிறேன், அமைதியான இடம் என்று!"

குட்டைவாலன் மேலும் ஏதோ சொல்ல வந்தான். அண்ணனின் முள் விறைப்பதைப் பார்த்ததும் கல்லுக்குப் பின்னால் போய்விட்டான். கல்லுக்குப் பின்னாலிருந்து யாருடைய வாதமும் எடுபடுவதில்லை.

முள்முதுகன் மனைவியைப் பார்த்தான். "நீ என்ன சொல்கிறாய்?"

வாய் நிறைய முட்டைகளோடு வெள்ளிச்சி தலையை ஆட்டினாள். மீனுக்குக் கழுத்து கிடையாது. தலையை ஆட்டினால் வால்வரை எல்லாம் ஆடும். ஆகவே அது 'ஆமாம்' என்ற ஆட்டமா, 'வேண்டாம்' என்ற ஆட்டமா என்று கண்டுபிடிப்பது மிகவும் கடினம். கணவர்களுக்கு மட்டும் அந்தக் கடினம் இருப்பதில்லை.

"அவளும் சரி என்கிறாள்" என்றான் முள்முதுகன்.

யானை அவர்களை அள்ளி அள்ளிக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டது. புது இடம் என்பதால் முதலில் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். "நீங்கள் முதலில் தின்னுங்கள்", "இல்லை, நீங்கள்" என்று பாசியின் முன்னால் உபசாரம் நடந்தது. வெள்ளிச்சியின் வாய்க்குள் பொரித்த குஞ்சுகள் நீந்தப் பழகும்வரைகூட இந்த மரியாதை தாங்கவில்லை.

ஒருநாள் காலை முள்முதுகன் தொட்டியின் நடுவில் நின்றான். குழி தோண்டப் பார்த்தான். சிமென்ட் தரை, உதடு தேய்ந்ததுதான் மிச்சம். அந்த எரிச்சலோடு திரும்பினான். எதிரே ஒரு வால் தெரிந்தது.

குட்டைவாலன் ஓடினான். வட்டத் தொட்டியில் மூலை கிடையாது. ஓடிய வழியே சுற்றி வந்து அண்ணன் முகத்திலேயே முட்டினான். வட்டத்தில் ஓடுகிறவன் எதிரியிடமிருந்து ஓடுகிறானா, எதிரியைத் தேடி ஓடுகிறானா என்று அவனுக்கே தெரியாது.

"அண்ணே, நான்தான் போய்விட்டேனே!"

"எங்கே போனாய்? இதோ தெரிகிறாயே!"

"தெரியாமல் எங்கே போவது? கல் எங்கே இருக்கிறது இங்கே?"

மடுவில் ஒரு மூச்சில் முடிந்துவிடும் துரத்தல் இங்கே முடியவே இல்லை. முள்முதுகனுக்கும் களைத்தது. ஆனால் நின்று திரும்பினால் வேறொரு வால். அதைத் துரத்தினால் மறுபடி தம்பியின் வால். குட்டைவாலனின் துடுப்புகள் கிழிந்து நூல் நூலாகத் தொங்கின. தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்கினான்.

அப்போது வலப்பக்கத்தில் ஏதோ அசைந்தது. முள்முதுகன் யார் என்று பார்க்காமலே பாய்ந்து முட்டினான்.

முட்டியது வெள்ளிச்சியின் விலாவில்.

அவள் வாய் திறந்துகொண்டது. ஒரு கொத்துக் குஞ்சுகள் வெளியே கொட்டின. இன்னும் நீந்தத் தெரியாத குஞ்சுகள்; வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பையோடு மெதுவாகத் தரையை நோக்கி இறங்கின. வெள்ளிச்சி பாய்ந்து பாய்ந்து ஒவ்வொன்றாக வாய்க்குள் எடுத்துக்கொண்டாள். எடுத்து முடித்ததும் சுவரோடு ஒண்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

முள்முதுகனுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் குஞ்சுகள் மிஞ்சாது, தம்பியும் மிஞ்சமாட்டான். 'இனி அசையமாட்டேன்' என்று முடிவு செய்து அசையாமல் நின்றான்.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஏதோ நீளமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. அவன் அதைக் கடித்துவிட்டான்.

"யாரடா அது?" என்று துதிக்கையை உதறியது யானை. மலையேறும் முன்பு கடைசியாகத் தண்ணீர் குடிக்க வந்திருந்தது.

"மன்னித்துவிடுங்கள் அக்கா. கடிக்கக் கூடாது என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்."

"அமைதியான தொட்டி என்றாயே?"

முள்முதுகன் கூட்டத்தைப் பார்த்தான். தலைவன் எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. ஆனாலும் சொன்னான்.

"நான் நல்லவன்தான் அக்கா, தனியாக இருக்கும்போது. இந்தத் தொட்டியில் என் உடம்பு கொள்கிறது. என் கோபம் கொள்ளவில்லை. எங்களை அந்தச் சுனைக்குக் கொண்டுபோய் விடுங்கள்."

"இடிந்த கோட்டை என்று முகம் சுளித்தாய். அதுவும் போதவில்லை என்றால்? நான் நாளைக்கு இங்கே இருக்கமாட்டேன்."

"முதலில் என்னையும் இன்னொருவனையும் மட்டும் விடுங்கள். இந்த முறை ஒழுங்காக அளந்து சொல்கிறேன்."

"யார் அந்த இன்னொருவன்?"

முள்முதுகன் தம்பியைப் பார்த்தான்.

"நானா? மறுபடியுமா?" என்றான் குட்டைவாலன்.

"உன்மேல்தானே எனக்கு மிக அதிகமாகக் கோபம் வருகிறது."

"பெரிய பாக்கியம் அண்ணே" என்றபடி குட்டைவாலன் துதிக்கைக்குள் ஏறினான்.

சுனையில் இருவரையும் விட்டுவிட்டு யானை கரையில் நின்றது. முள்முதுகன் தன் கோபத்தைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் பாய்ந்தான். குட்டைவாலன் கிழிந்த துடுப்பால் முடிந்தவரை ஓடினான். ஒரு கல்லைச் சுற்றினான். அண்ணன் பின்னாலேயே வந்தான். இன்னொரு கல்லுக்கு அப்பால் திரும்பி ஓர் இடுக்கில் நுழைந்தான்.

வால் மறைந்தது.

முள்முதுகன் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். எதற்காக ஓடி வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. பக்கத்துக் கல்லில் பாசி நன்றாக இருந்தது. அதைக் கொத்தத் தொடங்கினான். அவன் கோபம் ஓய்ந்த இடத்துக்கு அப்பாலும் சுனை நீளமாகக் கிடந்தது.

"அக்கா, இது போதும். எல்லோரையும் கொண்டுவாருங்கள்!"

இருட்டுவதற்குள் யானை கூட்டம் முழுவதையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மலைப்பக்கம் நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து சண்டைகள் வழக்கம்போல நடந்தன. வழக்கம்போலவே கல் வந்ததும் முடிந்தன. குட்டைவாலனின் துடுப்புகள் முளைத்துவிட்டன. வால் மட்டும் பழையபடி குட்டைதான்.

குஞ்சுகள் நீந்தப் பழகிய அன்று, ஒரு பெரிய கல்லின் மறைவில் வெள்ளிச்சி வாயைத் திறந்தாள். பொடிப்பொடியாகக் குஞ்சுகள் வெளியே வந்து தண்ணீரில் மிதந்தன. முள்முதுகன் பூரித்துப்போய் அருகே வந்தான்.

வாய் காலியானதும் வெள்ளிச்சி முதல்முறையாகப் பேசினாள்.

"அன்றைக்கு நான் தலையாட்டினேனே, அது 'வேண்டாம்' என்று."

"அப்படியா?"

"இரு, இன்னும் இருக்கிறது" என்று அவள் தொடங்கினாள். முட்டை சுமந்த காலம் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சு அது. தொட்டியில் ஆரம்பித்து, விலாவில் முட்டியதற்கு வந்து, அங்கிருந்து அவனுடைய தாய்வழி உறவினர்கள்வரை போயிற்று.

முள்முதுகன் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து ஒரு கல்லுக்குப் பின்னால் போனான். அங்கே ஏற்கெனவே குட்டைவாலன் இருந்தான்.

"உள்ளே வா அண்ணே. இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது" என்றான் தம்பி.

கூடி வாழ இடம் பார்க்கிறவர்கள் தங்கள் உடம்பை அளந்தால் மட்டும் போதாது. தங்கள் கோபத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.