இடம் மாறச் சொன்ன கட்டுரை

மணற்குடி உயர்நிலைப் பள்ளி ஆற்றங்கரையில் இருந்தது. மழைக்காலத்தில் வகுப்பறைக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். பள்ளியை நெடுஞ்சாலைப் பக்கம் மாற்றலாமா என்று பேச ஊர்க்கூட்டம் கூடவிருந்தது. தலைமையாசிரியர் மரியதாஸ் அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தார். சிறந்த கட்டுரைக்குப் பரிசு. கூட்டத்தில் வாசிக்கப்படுவதும் அதுதான் என்றார். பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

கடைசியில் இரண்டு கட்டுரைகள் மிஞ்சின.

ஒன்பதாம் வகுப்பு இளங்கீரன் எழுதியதில் தேடினாலும் பிழை கிடைக்காது. 'அறிவுச் சுடரேற்றும் ஆலயம்', 'அன்னை மடி' என்று நடை அருவியாக ஓடியது. பள்ளியை மாற்றக் கூடாது என்று முடித்திருந்தான்.

அதே வகுப்பு சபுரா எழுதியதில் பிழைகள் மலிந்திருந்தன. 'வெள்ளம்' என்பதையே 'வெல்லம்' என்று எழுதியிருந்தாள். ஆனால் படிப்பை நிறுத்திய பெண்களின் வீடு தேடிப் போய்க் காரணம் கேட்டிருந்தாள். "மழை வந்தா கழிப்பறைக்குள்ள தண்ணி. எம்பொண்ணு எங்கம்மா போவா?" என்று ஒரு தாய் சொன்னது அப்படியே இருந்தது. மாற்றினால் ஆற்றங்கரையை ஒட்டிய தோப்புத்தெருப் பிள்ளைகளுக்குத் தூரம் கூடும் என்பதையும் அவள் மறைக்கவில்லை. அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று முடித்திருந்தாள்.

"வெள்ளத்தை வெல்லம்னு எழுதினவளுக்கு முதல் பரிசா? இளங்கீரனுக்குத்தான் சார்" என்றார் தமிழாசிரியை கோதைநாயகி.

"பரிசும் சபுராவுக்கு, மேடையும் சபுராவுக்கு" என்றார் அறிவியல் ஆசிரியர் தணிகாசலம்.

மரியதாஸ் இரண்டையும் திரும்பத் திரும்பப் புரட்டினார். "பரிசை சபுராவுக்கே கொடுத்துடுவோம். கூட்டத்துல மட்டும் இளங்கீரனோடதை வாசிப்போம். நம்ம பள்ளிக்கு எதிரா நாமே பேசலாமா?"

இந்த மூவரில் யார் சொன்னது சரி? யோசித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

தணிகாசலம் சொன்னதே சரி. பிழைக்கு மதிப்பெண் குறைப்பது நியாயம்தான். ஆனால் இளங்கீரன் கட்டுரையில் வேறு ஊரின் பெயரைப் போட்டாலும் ஒரு வரிகூட மாறவேண்டியதில்லை. சபுரா விசாரித்து, தன் முடிவுக்கு எதிரானதையும் எடைபோட்டு எழுதியிருந்தாள். மரியதாஸின் யோசனை அவர் கொடுத்த வாக்கையே மீறியது. 'மாற்றலாமா?' என்று கேட்டுவிட்டு ஒரு பதிலை மட்டும் ஏற்பது முறையல்ல.

அன்று மாலையே மரியதாஸும் அதை ஒப்புக்கொண்டார். சபுராவுக்குப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவன் இளங்கீரன். கூட்டத்தில் அவள் வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, "அப்போ பழைய கட்டடத்தை என்னம்மா பண்றது?" என்றார்.

சபுரா கையிலிருந்த கட்டுரையை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். "அதை இன்னும் யாருகிட்டயும் கேக்கலை மாமா" என்றாள். "கேட்டுட்டு எழுதுறேன்."