கரடி கிழித்த துண்டு

மூங்கில் காட்டில் மொத்தையன் என்று ஒரு கரடி இருந்தது. கப்பல் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அதற்கு இருப்புக்கொள்ளவில்லை!

சும்மாவா? காட்டை ஒட்டிய காயலுக்குக் கூழைக்கடாப் பறவை ஓட்டிவரும் சொகுசுக் கப்பல் அது. காலையில் ஏற்றிக்கொண்டு போய், தீவுகளை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் கரையில் இறக்கிவிடும். மத்தியானம் கப்பலிலேயே விருந்து! அதிலும் இது குறிஞ்சி பூத்த வருடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் அந்தப் பூவின் தேனைக் கப்பலின் மேல்தளத்தில் பரிமாறுவார்கள். போன தடவை பூத்தபோது மொத்தையன் சின்னக் குட்டி. அம்மாவின் வாயோரம் ஒட்டியிருந்த ஒரே ஒரு துளியை நக்கியதோடு சரி. இந்தத் தடவையும் விட்டால் இன்னும் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பல்லெல்லாம் கொட்டிப் போய்விடும்!

கப்பல் வந்ததும் முதல் ஆளாக ஏறியது மொத்தையன். தோளில் புதுத் துண்டு வேறு. பின்னாலேயே அதன் தோழி, முள்ளம்பன்றி ஊசியம்மா, குடுகுடுவென்று ஏறியது.

கூழைக்கடா தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! கீழ்த்தளத்துல நீர்நாய்ங்க மீன் வறுக்குது. நடுத்தளத்துல இந்தப் பக்கம் காட்டுக்கோழியோட ஈசல் பொரி, அந்தப் பக்கம் அணில்களோட பலாப்பழம். மேல்தளத்துல கருங்குரங்குங்க ஊத்துற குறிஞ்சித் தேன்! உச்சி வெயிலுக்கு மணி அடிப்பேன். நாலு இடத்துலயும் ஒரே நேரம், ஒரே பந்திதான். பிடிச்ச இடத்துல உட்கார்ந்து வயிறார சாப்பிடுங்க!"

மீனா! ஈசலா! பலாவா! தேனா! மொத்தையனுக்கு வாயில் எச்சில் ஊறி மார்பு வரைக்கும் வழிந்தது.

"அண்ணே, நேரா மேல போய் உட்காருங்க. உங்களுக்குத் தேன்னா உசுராச்சே!" என்றது ஊசியம்மா.

"அட போ தங்கச்சி! அப்ப மீனை யார் சாப்பிடுறது? நான் திட்டமெல்லாம் போட்டாச்சு. முதல்ல மீன், அப்புறம் ஈசல், அப்புறம் பலா. தேனைக் கடைசியா வச்சுக்கிட்டு நிதானமா, ஒவ்வொரு சொட்டா!"

"ஒரே பந்தின்னு சொன்னாரே! நீங்க மேல போறதுக்குள்ள உங்க இடத்துல வேற யாராச்சும் உட்கார்ந்துட்டா?"

"துண்டு எதுக்குத் தங்கச்சி இருக்கு?"

'டர்ர்ர்!' புதுத் துண்டை நான்காகக் கிழித்தது மொத்தையன். அந்தக் காட்டில் துண்டு போட்ட இடத்தில் சிங்கமே வந்தாலும் உட்காராது. அப்படி ஒரு வழக்கம். மொத்தையன் நான்கு பந்தியிலும் நல்ல இடமாகப் பார்த்து இடத்துக்கொரு துணுக்கைப் போட்டது. "எப்படி என் மூளை!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தது. கைதான் எட்டவில்லை.

கப்பல் கிளம்பியது. முதல் தீவில் ஆயிரம் நாரைகள் ஒன்றாகப் பறந்தன! இரண்டாவது தீவில் அருவி கொட்டியது! எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். மொத்தையன் மட்டும் எதையும் பார்க்கவில்லை. படியில் ஏறுவதும் இறங்குவதுமாக நான்கு துண்டுகளும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டே இருந்தது.

டாங்! டாங்! டாங்!

மணி அடித்ததும் கீழ்த்தளத்துக்குப் பாய்ந்தது மொத்தையன். இலை போட்டிருந்தார்கள். ஓரத்தில் உப்பு வைத்திருந்தார்கள். மீன் இன்னும் சட்டியில்தான் இருந்தது.

"இதோ வந்துடுச்சு அண்ணே! இன்னும் ஒரு புரட்டுதான்!" என்றது நீர்நாய்.

ஒரு புரட்டா? அதுவரை ஈசல் ஆறிப் போகாதா? ஆறிய ஈசலை யார் தின்பது? எழுந்து ஓடியது மொத்தையன்.

நடுத்தளத்தில் காட்டுக்கோழி அப்போதுதான் சூடான பொரியைக் கூடையில் அள்ளியது. மொத்தையன் சப்பணமிட்டு உட்கார்ந்தது. பக்கத்து இலையில் பொரி விழுந்தது. அடுத்தது தன் இலைதான்! அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து கமகமவென்று தேன் வாசனை வந்தது. மொத்தையனுக்குப் பகீரென்றது. என் இடம்! என் துண்டு! மூன்று மூன்று படியாகத் தாவி மேலே ஓடியது.

துண்டு இருந்தது. பக்கத்தில் ஒரு முயலும் அதன் மனைவியும் நின்றுகொண்டிருந்தன.

"தள்ளி நில்லுங்க! துண்டு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியலை?" என்று சீறியது மொத்தையன்.

"தெரியுதுங்க அண்ணே. வேற எங்கயும் இடமில்லை. நீங்க வரலைன்னா உட்காரலாமேன்னுதான்..."

"வருவேன்! கண்டிப்பா வருவேன்!"

மறுபடியும் கீழே ஓடியது. ஈசல் பந்தியில் அதன் இலையைக் காணோம். "நீங்க எழுந்துட்டீங்க, சாப்பிட்டாச்சுன்னு எடுத்துட்டேனே!" என்றது காட்டுக்கோழி. மீன் பந்திக்கு ஓடியது. "இலைக்கு ஆளில்லைன்னு பக்கத்துல போட்டுட்டோம்" என்றன நீர்நாய்கள். பக்கத்து இலையில் கொக்கு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஆறாவது மீனை விழுங்கிக்கொண்டிருந்தது.

பலாப் பந்தியில் ஊசியம்மா மடி கொள்ளாமல் கொட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் பிசுபிசுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "அண்ணே, உட்காருங்க! இன்னும் சுளை வருது!" என்று கூவியது.

உட்காரத்தான் பார்த்தது மொத்தையன். ஆனால் மேலே 'ஆகா! ஆகா!' என்று சத்தம் கேட்டதே! "தேன் ஊத்துறாங்க தங்கச்சி!" என்று அலறிக்கொண்டு படிக்கு ஓடியது. படி முழுக்கச் சாப்பிட்டு முடித்தவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு ஆடி அசைந்து இறங்கினார்கள். யானை ஒன்று ஏப்பம் விட்டபடி நடுப்படியிலேயே நின்றுவிட்டது. அதன் காலுக்கிடையில் புகுந்து, மூச்சு வாங்க, மேல்தளத்துக்கு வந்து சேர்ந்தது மொத்தையன்.

துண்டை எடுத்துவிட்டுத் தன் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. "ஊத்துங்க!"

கருங்குரங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

"தீர்ந்து போச்சுங்களே!"

"தீர்ந்து போச்சா? நான்தான் துண்டு போட்டிருந்தேனே!"

"போட்டிருந்தீங்க. அதான் அந்த இடத்துல யாரையும் உட்கார விடலை. தேன் ஊத்திக்கிட்டு மூணு தடவை வந்தோம். மூணு தடவையும் துண்டுதான் உட்கார்ந்திருந்தது. துண்டுக்கு எப்படிங்க தேன் ஊத்துறது?"

மொத்தையன் இலையைப் பார்த்தது. பச்சைப் பசேலென்று, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல் இருந்தது. பன்னிரண்டு வருடம்! நிமிர்ந்து பார்த்தால், அந்த முயல் தம்பதி நின்ற இடத்திலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் வாயும் காய்ந்துதான் கிடந்தது.

"நீங்களும் சாப்பிடலையா?" என்று கேட்டது மொத்தையன்.

"நீங்க வருவேன்னு சொன்னீங்களே அண்ணே" என்றது முயல்.

மொத்தையனுக்கு இத்தனை நேரம் பசிதான் வயிற்றைக் கிள்ளியது. இப்போது வெட்கம் அதைவிடப் பலமாகக் கிள்ளியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கப்பல் கரை சேரும்வரை அந்த வெற்று இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது.

எல்லா இடத்தையும் தனக்கென்று பிடித்துவைத்து ஓடுகிறவனுக்கு ஓரிடத்திலும் வயிறு நிறையாது. நிறையவேண்டிய பிறர் வயிற்றையும் அவன் காயப்போடுவான்.