சீல் உடைந்த மோட்டார்

விடிந்ததிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவில் நின்று நின்று, பயிற்சி மருத்துவர் தாஹிராவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, பம்பு மோட்டார் கம்பெனி முதலாளி சென்னியப்பன் தன் தகப்பனாரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிழவருக்கு நினைவு தடுமாறியது. நாடியோ வரவரத் தளர்ந்துகொண்டே போனது.

“வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா சார்?”

“ஒண்ணும் குடுக்கல. எங்கப்பாரு பொழைச்சுக்குவாருன்னு மொதல்ல உத்தரவாதம் குடு. இல்லீன்னா நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே!”

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். காரணம் தெரியாமல் எந்த மருந்தை ஏற்றுவது? சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை.

“சரிங்க சார், உத்தரவாதம் தர்றேன். உங்க மோட்டாருக்கு எப்படித் தருவீங்க?”

“ரெண்டு வருசம்!” சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். “ஆனா சீல் உடையாம இருக்கோணும். வேற எவனாச்சும் கழட்டி நோண்டியிருந்தா செல்லாது.”

“இங்கயும் அதே சட்டந்தான். அப்பாவை யாரும் நோண்டலையே?”

சென்னியப்பனுக்கு முகம் வெளுத்தது. சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை மெல்ல எடுத்து நீட்டினார்.

“தலை சுத்துதுன்னாரு... என்னோட பிரஷர் மாத்திரையில நாலு குடுத்துட்டனுங்க.”

நாடியை அடக்கும் மாத்திரை அது. தாஹிரா உடனே அதை முறிக்கும் மருந்தை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் கிழவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

“அந்தாளை நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே டாக்டர்?” என்றார் நர்ஸ் வேதவல்லி.

“கேக்கணும்னுதான் இருந்துச்சுக்கா. அதுக்கும் தெம்பு வேணுமே” என்றபடி அடுத்த ஸ்ட்ரெச்சரை நோக்கி நடந்தாள் தாஹிரா.