வண்டு சொன்ன விலாசம்

குளத்துக்கரை இலந்தைப் புதரில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டியிருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். இறகு முளைத்துவிட்டது. பறக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் காலையில் கூட்டின் விளிம்பில் ஒரு வண்டு ஊர்ந்தது. அம்மாக் குருவிக்குப் பகீரென்றது.

"என்னங்க! குஞ்சுகளைக் கடிக்க ஏதோ வந்திருக்கு!"

"வண்டுதானே? முழுங்கிட்டாப் போச்சு!" அப்பாக் குருவி அலகைத் திறந்தது. அதற்கு எல்லாமே அவ்வளவு சுலபம்!

"ஐயோ, இருங்க! அது என்னன்னு முதல்ல பார்ப்போம்."

அம்மாக் குருவி குனிந்து பார்த்தது. கறுத்த முதுகு. குறுக்கே ஒரு வெளிறிய பட்டை. பட்டையில் பக்கத்துக்கு மூன்று கறுப்புப் புள்ளி. பூவிலும் இலையிலும் இப்படி ஒரு வண்டை அது பார்த்ததே இல்லை.

"யாரு நீ? எங்கே குடியிருக்கே?"

"நான் உயிருள்ளதைத் தொடவே மாட்டேன் அக்கா!" வண்டு நடுங்கியது. "காய்ஞ்ச இறைச்சி, காய்ஞ்ச தோல், அதுதான் எங்க சாப்பாடு. அது இருக்கிற இடம்தான் எங்க வீடு. இந்தப் புதருக்குப் பின்னாலதான்!"

"இங்கே ஏதுடா இறைச்சி? நல்லா அளக்கிறே!" அப்பாக் குருவி சிரித்தது.

அம்மாக் குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. "போய்ப் பார்த்துட்டு வாங்க. இறைச்சி இருந்தா, கொன்னவனும் பக்கத்துலதான் இருப்பான்" என்றது.

அப்பாக் குருவி போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

"முள்ளு முள்ளா குத்தி வெச்சிருக்கு! வெட்டுக்கிளி, ஓணான்... ஒரு குருவிக்குஞ்சும்கூட. இது கீச்சானோட வேலை!"

கீச்சானைத் தெரியுமல்லவா? பிடித்த இரையை முள்ளில் குத்திச் சேமித்து வைக்கும் பொல்லாத பறவை அது.

"இப்பவே கிளம்பணும்!" என்றது அம்மாக் குருவி. இரண்டு குஞ்சுகள் கிளைக்குக் கிளை தத்திப் பக்கத்துப் புதருக்குள் புகுந்தன. மூன்றாவது கூட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

"பயமா இருக்குப்பா!"

"எனக்கும்தான்டா பயமா இருக்கு! குதி!"

குதித்தது! பின்னாலேயே கீச்சானின் கரகரத்த குரல் கேட்டது. அது வந்து எட்டிப் பார்த்தபோது கூடு காலி, ஆனால் சூடு இன்னும் ஆறவில்லை.

பயமுறுத்தும் ஒன்றை அடித்துப் போடுவதற்கு முன், அது என்ன, எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். நிஜமான ஆபத்து அந்த இடத்தில் இருக்கலாம்.