ஆள்காட்டி தன் வீட்டைக் காட்டிய நாள்

அந்தக் காலத்தில், மாடும் பறவையும் மனிதரும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டும் சமாதானம் ஆகிக்கொண்டும் இருந்த நாளில், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் செம்மடை என்றொரு சிற்றூர் இருந்தது. கிராமத்தார் அதைப் பட்டணம் என்பார்கள். பட்டணத்தார் அதைக் கிராமம் என்பார்கள். நான்கு தெரு, ஒரு மாட்டுச் சந்தை, ஒரு செக்கு, ஒரு களம். மீதியெல்லாம் வயல்.

செம்மடைக்குள் வண்டி போக வழி கிடையாது. வரப்புதான் பாதை. அசலூர்க்காரன் தெரியாமல் ஒரு வரப்பை மிதித்து உடைத்தால், ஒருவன் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் இன்னொருவன் வயலுக்கு ஓடிவிடும். பொழுது சாய்வதற்குள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டார் நிற்பார்கள். அதனால் ஊரில் ஒரு கட்டு வைத்திருந்தார்கள். புதிதாக யார் வந்தாலும், உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடும் முன்பே, அவர்களை நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டிவிட வேண்டும். கால் ஒருமுறை ஊரைப் படித்துக்கொண்டால் பிறகு தப்புப் பண்ணாது. இன்னொரு கட்டும் உண்டு. விருந்தாளி எதைக் கேட்டாலும் காட்ட வேண்டும். மறைக்கிற ஊரில் தண்ணீர் தங்காது என்பது செம்மடைக்காரர்களின் நம்பிக்கை.

ஊர் காட்டும் வேலை மருதாயிக்கு வாய்த்தது. மருதாயி ஓர் ஆள்காட்டிப் பறவை. கிளையைப் பற்றி உட்காரும் கால் அவளுக்கு இல்லை. நீளமாய், மஞ்சளாய், நடப்பதற்கென்றே படைத்தவர் கொடுத்த கால். குரலும் அப்போது மெத்தென்று இருந்தது, மடையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. நாலு அடி ஓடுவாள். நிற்பாள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். பிறகுதான் பேசுவாள்.

"இது பெரிய மடை. கையை நனைச்சுக்குங்க, நல்ல தண்ணி. அடுத்து வர்ற வரப்பு புதுசு, இன்னும் காயலை. என் அடியிலேயே அடி வச்சு வாங்க."

ஒவ்வொரு வரப்பிலும் இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் அவள் ஏற மாட்டாள். அவள் பின்னால் போன யார் காலும் யார் வயலையும் கெடுத்ததில்லை.

செக்கடிக்கு வந்தால் செக்குமாடு வம்புக்கு இழுக்கும். "ஏ மருதாயி, நானும் விடிஞ்சதிலேருந்து நடக்கிறேன். இன்னும் ஒரு ஊரும் வந்து சேரமாட்டேங்குதே!"

விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அப்படித்தான் இருந்தது, அந்தச் சித்திரை வரும்வரை.

அந்தச் சித்திரையில் களத்துக்கு அப்பாலிருந்த தரிசில் மருதாயி முதன்முதலாக முட்டையிட்டாள். கூடு கட்ட மரம் ஏது அவளுக்கு? வெறும் தரையில் மாரால் ஒரு பள்ளம் தேய்த்து, நான்கு முட்டை. அந்நாளில் ஆள்காட்டி முட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். கட்டாந்தரையில் மல்லிகைப் பூவைக் கொட்டி வைத்ததுபோல.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை. காற்று சருகைப் புரட்டினால் பாம்பு. நிழல் கடந்தால் பருந்து. எல்லாப் பறவைகளும்தான் பெறுகின்றன. அவற்றுக்கெல்லாம் இப்படியா நெஞ்சு அடித்துக்கொள்ளும், தனக்கு மட்டும்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அவள் புருஷன் செல்லாண்டி கேலி செய்தான். "பாம்பு வரும்ங்கிறே, கீரி வரும்ங்கிறே. வானமே இடிஞ்சு விழுந்தா என்ன பண்ணுவே புள்ள? மல்லாந்து படுத்துக் காலால தாங்கிக்குவியா?"

"விழுந்தா தாங்கத்தான் வேணும்" என்றாள் மருதாயி. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியலில் அவள் தரையில் அலகை வைத்து மண்ணிடம் மன்றாடினாள். "தாயே, உன் நிறத்தைக் கொஞ்சம் குடு. என் பிள்ளைங்க மேல யார் கண்ணும் படக்கூடாது."

மண் நெடுநேரம் யோசித்தது. "தர்றேன். ஆனா என் நிறத்தை வாங்கினதை என்கிட்டேருந்து பிரிச்சுப் பார்க்க யாராலயும் முடியாது மகளே. பெத்தவளாலயும் முடியாது."

"பரவாயில்லை தாயே. குடு."

சூரியன் ஏறுவதற்குள் நான்கு முட்டையும் மண்ணாங்கட்டியாய்த் தெரிந்தன. அடையாளத்துக்கு மருதாயி சுற்றிலும் கூழாங்கல் பொறுக்கி வைத்தாள். அன்றுதான் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

சந்தை கூடுகிற நாளில், மலையோரத்திலிருந்து பொன்னரசி என்ற இளம்பெண்ணும் அவள் புகுந்த வீட்டாரும் உழவுமாடு பிடிக்க வந்தார்கள். மருதாயி அவர்களை நடத்திக் கூட்டிப்போனாள். மடை, வெற்றிலைக் கொடிக்கால், நாற்றங்கால், செக்கு. மலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். வரப்பில் வரிசை பிசகாமல், அவள் அடியிலேயே அடி வைத்து வந்தார்கள். கடைசியாகக் களத்து ஓரப் புங்க மரத்தடியில் நின்று இளைப்பாறினார்கள்.

அப்போதுதான் பொன்னரசி குனிந்து கேட்டாள். "ஏம்மா, ஊரார் வீட்டையெல்லாம் காட்டினியே. உன் வீட்டைக் காட்டலையே?"

அவள் மாமியார் வெடுக்கென்றாள். "இவளுக்கு மூணு வருஷமா ஒண்ணும் தங்கலை. அதான் கண்ட கண்ட கூட்டையெல்லாம் எட்டிப் பாக்கணும்ங்கிறா."

பொன்னரசி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடிக்கால் பக்கம் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

மருதாயி தரிசுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். காட்ட மாட்டேன் என்று சொல்ல ஊர்க்கட்டு விடாது. ஆனால் மெய்யாகவே அவளை நடத்தியது ஊர்க்கட்டு இல்லை. அந்தப் பெண்ணின் முகம்தான். கூடவே, நாலு பேர் பார்த்து 'அடடா' என்று சொல்ல மாட்டார்களா என்ற ஆசையும் ஒரு துளி இருந்தது. பாம்பை நினைத்துப் பயந்தவள், பருந்தை நினைத்துப் பயந்தவள், சிரித்த முகத்தோடு வருகிறவர்களை நினைத்துப் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"வாங்க, காட்டுறேன்" என்றாள்.

உச்சி வெயில். அடைகாத்துக்கொண்டிருந்த செல்லாண்டி அப்போதுதான் எழுந்து வாய்க்காலுக்குப் போயிருந்தான். வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து, காய்கிற முட்டைகளைக் குளிரவைப்பது அவன் வழக்கம்.

மருதாயி முன்னால் ஓடினாள். வழக்கம்போல நாலு அடியில் நின்று திரும்பிப் பார்க்கவில்லை. ஊரார் வரப்பிலெல்லாம் தவறாமல் சொன்ன வார்த்தையைத் தன் வீட்டு வாசலில் சொல்ல மறந்தாள்.

வரப்பில் வரிசையாக வந்த கால்கள் தரிசைக் கண்டதும் விரிந்தன. வரப்பு இல்லாத இடத்தில் எதற்கு வரிசை?

"இதோ, இங்கேதான்" என்றாள் மருதாயி.

"எங்கே? ஒண்ணையும் காணோமே."

"இதுவா?"

"அது மண்ணாங்கட்டிடா."

"அப்ப இதுவா?"

"கண்ணைத் திறந்து பாரு, அது ஆட்டுப் புழுக்கை!"

ஒரே சிரிப்பு. மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பறவை நம்மளை வெயில்ல நிறுத்தி வேடிக்கை பாக்குது" என்றாள். அவள் மகன் இன்னும் இரண்டடி எடுத்து வைத்தான். அவன் கால் பட்டுக் கூழாங்கற்கள் உருண்டோடின.

மருதாயி தரையைப் பார்த்தாள். எங்கும் மண். எங்கும் மண்ணாங்கட்டி. எது தன் பிள்ளை என்று அவளுக்கே தெரியவில்லை. "நில்லுங்க, யாரும் அசையாதீங்க" என்றாள். மெத்தென்ற அந்தக் குரல் அத்தனை சிரிப்புக்கு நடுவில் யார் காதிலும் ஏறவில்லை.

சருகு மிதிபடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

அப்போது கத்தினாள் மருதாயி. அதுவரை எந்தப் பறவையும் அப்படிக் கத்தியதில்லை. தொண்டை கிழிந்து, அந்த மெல்லிய குரல் அன்றோடு போயிற்று. கத்தலைக் கேட்டு எல்லோரும் பதறி, "என்ன, என்ன" என்று பின்னுக்கு நகர்ந்தார்கள். நகர்ந்த கால்களில் மீதி மூன்றும் போயின.

பொன்னரசி தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் ஈரமாக இருந்தது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள். மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

செல்லாண்டி வந்து சேர்ந்தான். நனைந்த வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அங்குமிங்கும் பார்த்தான்.

"எங்கே புள்ள? இடத்தை மாத்திட்டியா? எனக்கும் தெரியலையே" என்றான்.

அவன் இறகிலிருந்து சொட்டிய தண்ணீரை மண் குடித்துக்கொண்டிருந்தது.

ஊர் வந்து ஆறுதல் சொன்னது. "நீ கட்டை மீறலை தாயி. கேட்டதைக் காட்டினே. உன் மேல குத்தமில்லை." குற்றமில்லை என்ற சொல் காதைத் தாண்டி அவள் மனசுக்குள் வந்து சேரவேயில்லை. அழுது அழுது கண்ணைச் சுற்றிச் சிவந்தது. அந்தச் சிவப்பு அலகு வரைக்கும் இறங்கிற்று. பிறகு ஆறவேயில்லை.

அடுத்த வருஷமும் சித்திரை வந்தது. வயிறு கனத்தது. மறுபடியும் தரிசு, மறுபடியும் நான்கு. மண் கொடுத்த நிறத்தை மண் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இந்த முறை மருதாயி கூழாங்கல் வைக்கவில்லை. இடத்தைக் காலே படித்து வைத்துக்கொண்டது.

விருந்தாளிகள் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். போகமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வழி தெரியாத கால் ஊருக்குள் தானாக நடந்தால் எங்கே போய் மிதிக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆள் வருவதைத் தூரத்தில் கண்டதுமே பறந்து வந்து எதிரில் இறங்கினாள். கிழிந்த குரலில் கத்தினாள். நாலு அடி ஓடினாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் கத்தினாள். மடை, கொடிக்கால், செக்கு எல்லாவற்றையும் காட்டினாள். களத்துப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"உன் வீடு எங்கேம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

வாய்க்காலுக்கு அந்தக் கரையைக் காட்டி, "அங்கே" என்றாள்.

செக்குமாடு அதைக் கேட்டுவிட்டது. விருந்தாளிகள் நகர்ந்ததும் மெதுவாகச் சொல்லிற்று. இந்தத் தடவை கேலி இல்லை. "மறைச்சா தண்ணி தங்காதே மருதாயி."

"தண்ணி போனா ஆடியில திரும்பி வரும்ணே" என்றாள் அவள்.

செக்குமாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. யாரிடமும் அது சொல்லவில்லை.

அந்த வருஷம் நான்கு குஞ்சுகளும் பொரிந்தன. மண் நிறத்தில், மண்ணோடு மண்ணாக ஓடின. மருதாயி அவற்றைப் பார்த்தாள். ஆனாலும் பயம் மட்டும் பொரிந்து வெளியே போகவில்லை. அது உள்ளேயே அடைகாத்துக் கிடந்தது.

பிறகு ஒரு காலம் வந்தது. மனிதப் பேச்சு மற்ற உயிர்களின் வாயிலிருந்து நழுவிப்போயிற்று. போகும்போது ஒவ்வொரு உயிரிடமும் அது அதிகம் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுப்போனது. மருதாயியின் வாயில் நின்றது, அன்று தரிசில் அவள் சொல்ல மறந்த அந்த வார்த்தை.

அன்று முதல்தான், வயல்வெளியில் ஆள் நடமாட்டம் கண்டால் ஆள்காட்டி பதறிப் பறந்து வந்து, முன்னால் இறங்கி, ஓடி, நின்று, திரும்பிப் பார்த்துக் கத்துகிறது. நம்மைத் துரத்துகிறது என்று நினைக்கிறோம். அது 'என் அடியிலேயே அடி வச்சு வாங்க, என் அடியிலேயே அடி வச்சு வாங்க' என்று கெஞ்சிக்கொண்டு நம்மைக் கூட்டிப்போகிறது. அது முதுகைக் காட்டுகிற பக்கம்தான் அதன் வீடு.