ஒரு வீட்டையும் விடாதவர்கள்

பல் தேய்க்க வேப்பங்குச்சியும் அடுப்புக்கரியும் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு பொடி செய்து, தகர டப்பாவில் அடைத்து, மேலே ஒரு நாரைப் படத்தையும் ஒட்டிவிட்டார் வயிரவன் முதலாளி. நாரைக்கு ஏது பல் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு விவரமானவர்கள் அவரிடம் வேலைக்கு நிற்கவில்லை.

நின்றவர்கள் மூன்று பேர்: ஆவுடையப்பன், மூக்கன், பிச்சாண்டி. இதில் ஆவுடையப்பனுக்குத்தான் கவலை அதிகம். செவல்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் சுடலையாண்டியின் மகள் கோமுவை அவனுக்குப் பெண் கேட்டிருந்தார்கள். "பையன் ஒரு வேலையில நிலைச்சு நிக்கட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டார் சுடலையாண்டி. ஆவுடையப்பனோ எந்த வேலையிலும் ஒரு வாரம் தாண்டியதில்லை. பல்பொடிக்கு அன்று ஆறாம் நாள். போகச் சொன்ன ஊரும் செவல்குளமாகவே அமைந்துவிட்டது.

முதலாளி மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "பொருள் புதுசு. அதனால நாரை மார்க்குங்கிற பேரு ஊர் பூரா அடிபடணும். நீங்க வாயைத் திறந்தா பல்பொடிதான் வரணும், வேற பேச்சு கூடாது. முக்கியமா, ஒரு வீட்டையும் விடக்கூடாது. விட்டீங்க, வேலை போச்சு!"

மறந்துவிடாமல் இருக்க ஆவுடையப்பன் மூன்று விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே செவல்குளம் வரை நடந்தான்.

'நாரை மார்க்' என்று எழுதிய பலகை ஒன்றும் கூட வந்திருந்தது. அதை ஊர் மந்தையில் வேப்பமரத்தில் சாத்திவைத்து, புளியம் விளாறால் மூன்று பேரும் மாறிமாறி விளாசினார்கள்.

ஆடு பத்திக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். "ஏம்ப்பா, அது என்ன தப்பு செஞ்சுது?"

"ஒரு தப்பும் செய்யல அண்ணாச்சி. நல்ல பேருதான். ஆனா அடிபடணும்" என்றான் ஆவுடையப்பன்.

மூக்கனுக்குச் சந்தேகம் வந்தது. "ஊர் பூரான்னாருல்லா? இங்க மட்டும் அடிச்சா எப்படி?"

நியாயமாகப் பட்டது. பலகையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் அடித்தார்கள். மூன்றாவது தெருவில் பெயிண்ட் உதிர்ந்துபோனது. "அடிச்சு அடிச்சு முதலாளி பேரைக் கெடுத்துட்டோமே" என்று பிச்சாண்டி கண் கலங்கினான்.

அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்து, "என்னய்யா இதெல்லாம்?" என்று கேட்டது. இனி வாயைத் திறக்காமல் முடியாது. ஆவுடையப்பன் சைகை காட்ட, ஆளுக்கொரு டப்பாவை உடைத்து வாயில் கொட்டிக்கொண்டார்கள். பிறகு ஒரே சமயத்தில் திறந்தார்கள். புஸ்ஸென்று ரோஸ் நிறத்தில் மூன்று மேகங்கள் கிளம்பின. முன்வரிசைக்காரர்கள் தும்மிக்கொண்டே ஓடினார்கள். ஒரு பெண் போய் விபூதி எடுத்துவந்து மூவர் நெற்றியிலும் பூசிவிட்டாள். வேறு பேச்சு ஒன்றும் வரவில்லை என்பதில் அவர்களுக்குப் பரம திருப்தி.

பொடி கரைந்து பேச்சு திரும்பியதும் வீடுகளுக்குப் புறப்பட்டார்கள். தெருவின் முதல் வீடு சுடலையாண்டியுடையது. ஆவுடையப்பன் படியேறி, வாசல் நிலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

சுடலையாண்டியின் மனைவி பூரணத்தாய் வெளியே வந்தாள். "என்ன வேணும்?"

"பல்பொடி அத்தை."

"கரி கிடக்கு, அது போதும். போயிட்டு வாங்க."

"போக முடியாது அத்தை. வீட்டை விடக்கூடாது."

தொலையட்டும் என்று அவள் ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள். "இப்பவாவது விடும்."

"வாங்கினா விடலாம்னு முதலாளி சொல்லலையே!"

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கோமு சிரித்தாள். "யம்மா, இவரு பிடிச்சா விடமாட்டாரு போலுக்கே." அதைக் கேட்டதும் ஆவுடையப்பன் இன்னும் இறுக்கினான். நிலை கிரீச்சிட்டது.

இரண்டாம் வீட்டை மூக்கன் பிடித்தான், எதிர்சாரியில் மூன்றாம் வீட்டைப் பிச்சாண்டி பிடித்தான். அத்துடன் ஆள் தீர்ந்தது.

"நாலாவது வீட்டை யாரு பிடிக்கது?" என்று கத்தினான் பிச்சாண்டி.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன் கேட்டான்: "ஒனக்குக் காலு சும்மாதானல இருக்கு?"

பிச்சாண்டி படுத்து, காலை நீட்டி, சந்துக்கு அந்தப் பக்கமிருந்த நாலாம் வீட்டுப் படியை விரலால் கவ்விக்கொண்டான். சந்தில் வந்த நெல்வண்டி நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு நின்றன.

யாரோ சொல்லி முதலாளி வில்வண்டியில் வந்து சேர்ந்தார். உதிர்ந்த பலகையைப் பார்த்தார். ரோஸ் வாய்களைப் பார்த்தார். சந்துக்குக் குறுக்கே கிடந்த பிச்சாண்டியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"வீட்டையெல்லாம் விட்டுத் தொலைங்கடா! மரியாதையா கடையைக் கட்டுங்க!" என்று கத்திவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்.

ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. "பாத்தியளா, வேலை போச்சுன்னு அவரு வாயில வரல. வேற வேலை குடுத்துட்டுப் போறாரு."

ஊரில் இருந்தது ஒரே கடை, சுடலையாண்டி கடை. ஊர்க் கிணற்றிலிருந்து வடத்தை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மரியாதையாக என்று சொல்லியிருந்ததால் தோள் துண்டை இடுப்பில் கட்டி, கடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சுற்றத் தொடங்கினார்கள். புளி மூட்டைக்குள் தலையை விட்டிருந்த சுடலையாண்டி நிமிர்வதற்குள் மூன்று சுற்று முடிந்திருந்தது.

"யாருல அது?"

"நான்தான் மாமா, ஆவுடையப்பன். கடையைக் கட்டுதோம். முதலாளி உத்தரவு."

"அப்போ வேலையில நிக்கியா இன்னும்?"

"நின்னுக்கிட்டுத்தான் கட்டுதேன் மாமா."

சுடலையாண்டி தலையை ஆட்டினார். ஆனால் நாலாவது சுற்றில் வடம் வந்து சேரவில்லை. மூவரும் இழுத்துப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி வடத்தின் இடுக்கு வழியாகக் கேட்டான்.

"மாமா, ஒரு முழம் குறையுது. ஒங்க கடையில கயிறு இருக்குமா?"

முப்பது வருஷமாக 'இருக்குமா' என்று கேட்டவர் யாரையும் இல்லையென்று திருப்பி அனுப்பாத கடை அது. சுடலையாண்டி தேங்காய்நார்க் கயிற்றை இறக்கி, முழம் போட்டு அளந்து, அதே இடுக்கு வழியாக நீட்டினார்.

"ஒரு முழத்துல முடிச்சு நிக்காது மாப்பிள்ளை. ரெண்டா வாங்கிக்கிடும்."