ஜீப்பை விட்டு இறங்காத மாப்பிள்ளை

மூங்கிப்பள்ளத்துக்காரர்களுக்கு அறிவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அறிவு நிறைய இருக்கிறது. அதைச் செலவழிக்க மனசு வராது, அவ்வளவுதான்.

அந்த மலையூரில் மாசிலாமணி என்று ஒருவன். வயசு முப்பத்தெட்டு. அவன் பார்த்துவிட்டு வந்த பெண்களெல்லாம் வேறு வீட்டுக்குப் போய், பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஒருவழியாக டவுனில் ஜெகஜோதி என்ற பெண் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவளுடைய அப்பா சங்கிலி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பத்தரை மணியோட முகூர்த்தம் முடியுது. தப்புச்சுன்னா ஆறு மாசத்துக்கு நல்ல நாள் கிடையாது. அதுக்குள்ள என் பொண்ணு மனசு மாறுனா நான் பொறுப்பில்ல."

மாசிலாமணி அன்றிலிருந்தே காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்தான்.

அவர்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வண்டியில் வர வேண்டும். பெண்ணின் அண்ணன் மாலை போட்டு, கையைப் பிடித்து இறக்கிவிடும் வரை அவன் கால் தரையில் படக் கூடாது. வண்டிக்கு எங்கே போவது? தாய்மாமன் தவசியின் ஜீப் இருக்கவே இருக்கிறது. மலையில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற ஜீப். பெரிய பெரிய டயர், தலையில் கம்பி கேரியர், மொத்தம் ஏழே கால் அடி உயரம்.

கல்யாண மண்டபம் முதல் மாடியில் இருந்தது. கீழே முழுக்கக் கார் பார்க்கிங். லிப்ட்டும் அதற்குள்ளேதான். நுழைகிற இடத்தில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் தொங்கியது. பக்கத்தில் 'உயரம் 2.1 மீட்டர்' என்று போர்டு.

ஒன்பதே முக்காலுக்கு ஜீப் வந்து குழாயில் 'டங்' என்று முட்டியது.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யோவ், குழாயில படாம போறதுன்னா போ. பட்டுச்சு, உள்ள விடமாட்டேன்!"

"படாம போகணும், அவ்வளவுதானே?" என்றார் தவசி மாமா. "எல்லாரும் தலையைக் குனிங்கப்பா!"

எல்லோரும் குனிந்தார்கள். மாசிலாமணி தலைப்பாகையோடு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மறுபடியும் 'டங்'.

"யாரோ நிமிந்திருக்கீங்க," என்று மாமா எல்லோரையும் முறைத்தார்.

மாசிலாமணியின் பெரியப்பா மகன் ஒச்சப்பன் படித்தவன். எட்டாவதை மட்டுமே மூன்று வருஷம் படித்தவன். அவன் போர்டை உற்றுப் பார்த்தான்.

"மாமா, இது மீட்டர் கணக்கு. நம்ம ஜீப்பு அடிக்கணக்கு. இந்தச் சட்டம் நம்மளக் கட்டுப்படுத்தாது. தைரியமாப் போங்க."

தைரியமாகப் போனார்கள். 'டங்'. முன்னால் போனால்தானே முட்டுகிறது என்று ரிவர்ஸில் போனார்கள். அதற்கும் அதே 'டங்'.

மணி பத்து. உள்ளே லிப்ட் வாசலில் பெண்ணின் அண்ணன் கதிரவேல் மாலையோடு நின்றுகொண்டிருந்தான். கூப்பிடு தூரம்தான்.

"மச்சான், இங்க வந்து இறக்கிவிட்ருங்க மச்சான்!" என்று கெஞ்சினான் மாசிலாமணி.

"அப்பா லிப்ட்டு வாசல்ல நிக்கச் சொன்னாரு மாப்ள. இங்கதான் நிப்பேன்."

சரியான சம்பந்தம்தான் என்று வாட்ச்மேன் முணுமுணுத்தார்.

அப்போதுதான் ஒச்சப்பனுக்கு ஒரு யோசனை உதித்தது. "மூட்டை ஏத்துனா ஜீப்பு அமுங்கும்ல மாமா?" பின்னால் வேனில் வந்த பதினாலு பேரையும் ஏறச் சொன்னார்கள். முதல் ஆறு பேர் நேரே கேரியர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டு அவர்களை இறக்கி உள்ளே திணித்தார். ஜீப் முனகிக்கொண்டே அமுங்கியது. குழாயில் உரசாமல் நுழைந்து லிப்ட் வாசலில் போய் நின்றது. கேரியருக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு விரல்தான் இடைவெளி.

கதிரவேல் மாலையைப் போட்டான். மாசிலாமணி ஆசை ஆசையாக ஒரு காலைத் தூக்கினான்.

"இறங்காதடா!" என்று மாமா அலறினார். "நீ இறங்குனா ஜீப்பு எந்திரிக்கும். மேல என்ன இருக்கு?"

"மண்டபம் மாமா."

"ஜீப்பு மண்டபத்தைத் தூக்கிருச்சுன்னா?"

பதினாலு பேரும் மேலே பார்த்தார்கள். "அய்யய்யோ, பொண்ணு வேற மேலதான் இருக்கு," என்றான் ஒச்சப்பன்.

"மாப்ளைக்குப் பதிலா நான் ஏறிக்கிறேன்," என்று கதிரவேல் ஏறினான்.

"நீங்க ஏறிட்டா என்னைக் கையைப் பிடிச்சு இறக்குறது யாரு மச்சான்?"

நியாயமான கேள்வி. கதிரவேல் இறங்கினான். அப்புறம் கனம் குறையுமே என்று ஏறினான். கை பிடிக்க வேண்டுமே என்று இறங்கினான். இப்படியே மணி பத்து இருபது ஆகிவிட்டது. மாசிலாமணி அழுதேவிட்டான். "மாமா, இந்தப் பொண்ணும் போச்சுன்னா நான் இந்த ஜீப்புலயே சாமியாராப் போயிருவேன்!"

வாட்ச்மேனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏய்யா, மேல முந்நூறு பேர் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கான். அத்தனை கனத்தையும் ஒரு ஜீப்பு தூக்குமாய்யா?"

பிறகு கதிரவேல் போனை எடுத்தான். "அப்பா, நம்ம மண்டபம் கனம் பத்துமான்னு கேக்குறாங்க."

சங்கிலி சம்பந்தி வீட்டுக்குச் சளைத்தவரா? ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனிலேயே அவர் சத்தம் கேட்டது. "பந்தியில ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது! எல்லா இலைக்கும் இன்னும் ரெண்டு கரண்டி பொங்கல் வை!"

இரண்டு நிமிஷம் கழித்து உத்தரவு வந்தது. "இப்ப இறக்கு மாப்ளைய."

கதிரவேல் கையைப் பிடிக்க, மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். கூடவே பதினாலு பேரும் குதித்தார்கள். ஜீப் எழுந்து மேல்தளத்தில் 'டங்' என்று முட்டி நின்றது. மண்டபம் அசையவில்லை.

"பொங்கல் தாங்கிருச்சு," என்று மாமா பெருமூச்சு விட்டார்.

பத்து இருபத்தொன்பதுக்கு மாசிலாமணி ஜெகஜோதி கழுத்தில் தாலி கட்டினான். மேளம் கொட்டியது. அட்சதை போட முந்நூறு பேரும் பந்தியிலிருந்து எழுந்தார்கள்.

"உக்காருங்க!" என்று சங்கிலி கத்தினார். "ஜீப்பு இன்னும் கீழதான் நிக்குது! உக்காந்த இடத்துலருந்தே போடுங்க!"

உட்கார்ந்தபடியே எறிந்தார்கள். மணமேடை எங்கேயோ, பந்தி எங்கேயோ. அட்சதை பூராவும் அவரவர் இலைப் பொங்கலிலேயே விழுந்தது. மாசிலாமணி பதறிப்போய் மாமனாரைப் பார்த்தான்.

"விழட்டும் மாப்ள, விழட்டும்," என்றார் சங்கிலி. "அதுவும் கனம்தானே!"